விதைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா? ஆய்வைத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

விதையைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி எடுத்த சாற்றைப் பாக்டீரியா பரப்பிய தட்டில் வைக்கிறோம். மறுநாள் காலையில் சாற்றைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரிந்தால் மனம் பூரித்துப்போகிறது. அந்த வட்டத்தை உண்டாக்கியது விதைதானா, வேறு ஏதாவதா என்று உறுதிசெய்வதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. முதல்முறை இந்த ஆய்வில் இறங்கும் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இலையும் வேரும் இருக்கும்போது விதையில் தேடுவானேன்?

விதையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மாவும் கொழுப்பும் புரதமும் நிரம்பிய பொட்டலம் அது. ஈர மண்ணில், அழுகவைக்கும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் நடுவே, முளைக்கும் காலம் வரும் வரை அசையாமல் கிடக்க வேண்டும். தற்காப்புக்கு அதனிடம் இருப்பவை தடித்த உறையும் வேதிப்பொருள்களும்தான். கருஞ்சீரகத்தில் தைமோகுவினோன், ஓமத்தில் தைமால், கார்போக அரிசியில் பாகுச்சியால், கருங்கடுகில் சினிக்ரின், முருங்கை விதையில் நேர்மின்னூட்டம் கொண்ட சிறு புரதங்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைக் கையாள்கிறது. ஓமம் தாவரவியல்படி கனி. பேச்சில் விதை என்கிறோம். ஆய்வேட்டில் அதைச் சரியாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

தேடலுக்கு அவசரமும் இருக்கிறது. மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

எந்த விதையையும் எடுத்து அரைத்துவிடலாமா?

கூடாது. குன்றிமணியில் அப்ரின், ஆமணக்கில் ரிசின், எட்டிக் கொட்டையில் ஸ்டிரிக்னைன் இருக்கின்றன. ஊமத்தை விதையும் கடும் நஞ்சு. இவற்றை முழுதாகக் கையில் வைத்திருப்பதைவிட அரைக்கும்போது எழும் தூசிதான் அதிக ஆபத்தானது. வழிகாட்டும் அனுபவசாலியும் புகைக் கூண்டும் இல்லாத இடத்தில் இவற்றைத் தொடவே வேண்டாம்.

நஞ்சில்லாத விதைக்கும் அடையாளம் வேண்டும். தாவரவியல் வல்லுநர் ஒருவரிடம் காட்டி இனப்பெயரை உறுதிசெய்து, காய்ந்த மாதிரி ஒன்றைத் தாவர உலர்மாதிரிக் காப்பகத்தில் எண்ணுடன் பதிந்துவையுங்கள். இந்த எண் இல்லாததால் பயனற்றுப்போன ஆய்வேடுகள் பல. விதைப்பதற்கென்று விற்பதை வாங்கியிருந்தால் அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கக்கூடும். அந்தப் பூச்சும் உங்கள் சாற்றில் இறங்கிவிடும்.

விதையை எப்படி உலர்த்தி அரைப்பது?

நிழலில், அல்லது 40 டிகிரி செல்சியசுக்கு மேற்போகாத உலர்த்தும் அடுப்பில். அரைக்கும் இயந்திரம் சூடேறினால் எளிதில் ஆவியாகும் பொருள்கள் பறந்துவிடும். ஆகவே சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு அரையுங்கள். எண்ணெய் மிகுந்த விதை பொடியாகாமல் பசையாகத் திரளும். அதை முதலில் ஹெக்சேனில் அலசி எண்ணெயை நீக்கிவிட்டு அடுத்த கரைப்பானுக்குப் போக வேண்டும். அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். தேடும் பொருள் அதிலேயே இருக்கலாம். வெந்தயம் போன்ற விதைகள் நீரில் கொழகொழவென்று ஊறி வடிதாளை அடைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நீர் கலந்த எத்தனால் ஒத்துவரும்.

எந்தக் கரைப்பான் சிறந்தது?

இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். என்னால் தர முடிவதில்லை. எது கரைய வேண்டும் என்பதைப் பொறுத்தது இது. ஹெக்சேன் கொழுப்பையும் எண்ணெயையும் எடுக்கும். எத்தில் அசிட்டேட் நடுத்தர முனைவுத்தன்மை உள்ளவற்றை எடுக்கும். மெத்தனாலும் எத்தனாலும் பீனால் வகைகளை நன்றாக இழுக்கும். நீரில் புரதமும் சர்க்கரையும் டானினும் இறங்கும்.

கருங்கடுகை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். அதில் இருக்கும் சினிக்ரினுக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் மிகக் குறைவு. மைரோசினேஸ் என்னும் நொதி விதையின் வேறு செல்களில் தனியாக இருக்கிறது. விதை நசுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் சந்திக்கின்றன. சினிக்ரின் உடைந்து அல்லைல் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. அரைத்த கடுகில் நீர் விட்ட சில நிமிடங்களில் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த நெடி இதனுடையது. பாக்டீரியாவைத் தடுப்பதும் இதுவே. காய்ந்த பொடியை நேராகக் கொதிக்கும் மெத்தனாலில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். தட்டில் வளையம் வராது. ‘கடுகுக்கு ஆற்றல் இல்லை’ என்று ஒருவர் எழுதுவார். பொடியை நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு பிரித்தெடுத்த இன்னொருவர் ‘நல்ல ஆற்றல்’ என்று எழுதுவார். விதை ஒன்றுதான், மாறியது அதைக் கையாண்ட விதம்.

கருஞ்சீரகத்தின் தைமோகுவினோனுக்கு வெளிச்சம் ஆகாது. பழுப்பு நிறக் குப்பியில், குளிரில் வைக்க வேண்டும். கொதிக்கும் கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பொடிமேல் ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் சூடாக்குவது எல்லா விதைக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு விதைகளையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

கரைப்பானை நீக்கிய பிறகு கிடைக்கும் பசையை எதில் கரைப்பது?

பெரும்பாலும் டி.எம்.எஸ்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டைமெத்தில் சல்ஃபாக்சைடில். இதுவும் அளவு மீறினால் பாக்டீரியாவைத் தடுக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று இருப்புக் கரைசல் தயாரித்து, அதை ஊடகத்தில் நூறு மடங்கு நீர்த்தால் சாறு ஒரு மில்லிகிராமாகவும் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதமாகவும் நிற்கும். இந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தட்டில் வட்டத் தாள் முறையை எப்படிச் செய்வது?

1966இல் பாவர், கிர்பி ஆகியோர் சக ஆய்வாளர்களுடன் ஒழுங்குபடுத்திய முறை இது. அவர்கள் அதை ஏற்கெனவே அறியப்பட்ட மருந்துகளுக்காக வகுத்தார்கள். சாறுகளுக்கு நாம் இரவல் வாங்கிப் பயன்படுத்துகிறோம். அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகமான முல்லர்-ஹின்டன் அகாரைத் தட்டில் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். 90 மில்லிமீட்டர் தட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லிலிட்டர் பிடிக்கும். தட்டை வைக்கும் மேசை சமதளமாக இருக்கட்டும். சாய்ந்த தட்டில் வளையமும் கோணலாகும். முந்தைய நாள் வளர்த்த காலனிகளை உப்புநீரில் கலக்கி, 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியா என்பது அதன் பொருள். கண்ணால் ஒப்பிடும்போது குழாய்களுக்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பிடித்தால் கலங்கல் வேறுபாடு சட்டென்று தெரியும்.

கலவை தயாரான 15 நிமிடங்களுக்குள் பரப்பிவிட வேண்டும். பஞ்சுக் குச்சியை நனைத்து, குழாயின் உட்சுவரில் அழுத்தித் திருகி மிகுதியை வடித்துவிட்டு, தட்டு முழுவதும் நெருக்கமாக இழுங்கள். தட்டை 60 டிகிரி திருப்பி மறுபடியும், இன்னொரு முறை திருப்பி மறுபடியும். கடைசியாக விளிம்பைச் சுற்றி ஓர் இழுப்பு. இந்த இழுப்புகளில் அலட்சியம் காட்டினால் மறுநாள் பாக்டீரியாப் படலம் திட்டுத்திட்டாக வளர்ந்திருக்கும்; வளையத்தின் ஓரம் எங்கே என்று சொல்லவே முடியாது. பிறகு 6 மில்லிமீட்டர் தாள் வட்டுகளை மையத்துக்கு மையம் 24 மில்லிமீட்டராவது தள்ளி வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் தலைகீழாக வைத்திருங்கள். கடுகுச் சாறு போல் ஆவியாகும் பொருள் உள்ளவற்றுக்குத் தனித் தட்டு வேண்டும். அதன் ஆவி பக்கத்து வட்டின் வளையத்தையும் பெரிதாக்கிவிடும்.

கட்டுப்பாடுகள் இத்தனை தேவையா?

தேவை. ஒன்றைக்கூடக் கைவிட முடியாது. நான் தொடக்கத்தில் செய்த ஒரு தட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. மெத்தனாலில் எடுத்த சாற்றை வட்டில் ஏற்றி, முழுதாகக் காயும் முன்பே தட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் நான்கு வட்டுகளைச் சுற்றியும் அழகான வளையங்கள். ஐந்தாவது வட்டில் மெத்தனால் மட்டும் ஏற்றியிருந்தேன். அதைச் சுற்றியும் கிட்டத்தட்ட அதே அளவு வளையம். அந்த ஐந்தாவது வட்டு இல்லாமல் போயிருந்தால் ஆறு மாத வேலையை அதன்மேல் கட்டியிருப்பேன்.

சாறு ஏற்றாத கரைப்பான் வட்டு, ஆற்றல் தெரிந்த மருந்து வட்டு, பாக்டீரியா மட்டும் வளரும் தட்டு, எதுவும் பரப்பாத தட்டு ஆகிய நான்கும் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். மருந்து வட்டு தரும் எண்ணையும் சரிபாருங்கள். ஏ.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தின் 25922ஆம் எண் கொண்ட ஈ. கோலை பாக்டீரியா வகைக்கு 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வட்டு 19 முதல் 26 மில்லிமீட்டர் வரை வளையம் தர வேண்டும். அது 14 என்று வந்தால் ஊடகமோ கலங்கலோ வட்டோ கெட்டிருக்கிறது. அன்றைய தட்டில் உள்ள சாற்று வளையங்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

சாற்றின் காடித்தன்மையையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். புளித்த சாறு தன் அமிலத்தாலேயே பாக்டீரியாவைத் தடுக்கக்கூடும்.

என் சாறு 15 மில்லிமீட்டர், ஜென்டாமைசின் 22. மருந்தின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. கணக்கைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட சாற்றில் 10 மைக்ரோலிட்டர் ஏற்றினால் வட்டில் இருப்பது 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். மருந்து வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். நூறு மடங்கு கூடுதலாக வைத்துவிட்டு மில்லிமீட்டரை ஒப்பிடுகிறோம்.

இரண்டு சாறுகளைத் தங்களுக்குள் ஒப்பிடுவதும் சரியாகாது. வளையத்தின் அளவு, பொருள் அகாரில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. சிறு மூலக்கூறு ஓடிவிடும். பெரிய டானின் நகராது. எண்ணெய் நீர்மயமான அகாரில் இறங்கவே தயங்கும். வேப்பங்கொட்டை எண்ணெய்க்கு வளையம் சிறிதாக இருந்தால் வியக்க ஒன்றுமில்லை. நேர்மின்னூட்டம் உள்ள பொருள்கள் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு அகாரில் குழி வெட்டிச் சாறு ஊற்றுவது பொருத்தம். வளையம் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற முதல் சல்லடையாக மட்டும் இருக்கட்டும்.

அளக்கும்போது வட்டின் 6 மில்லிமீட்டரும் சேர்ந்தே எண்ணப்படும். அட்டவணையில் 6 என்றிருந்தால் தடுப்பு இல்லை என்று பொருள். இதை அட்டவணையின் அடியில் எழுதிவிடுங்கள்.

அப்படியானால் ஆற்றலை எதைக் கொண்டு சொல்வது?

குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கொண்டு. 96 குழித் தட்டில் சாற்றை 1,000, 500, 250, 125, 62.5 மைக்ரோகிராம் என்று பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் பாக்டீரியா இருக்கும்படி சேர்த்து, ஓர் இரவு வளர்க்கிறோம். வளர்ச்சி தெரியாத மிகக் குறைந்த செறிவே விடை.

இங்கும் விதைச் சாறுகள் கண்ணை ஏமாற்றும். கரும்பழுப்புச் சாற்றில் கலங்கல் தெரியாது. அதனால் ரெசசூரின் என்ற நீலச் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள பாக்டீரியா அதை இளஞ்சிவப்பாக மாற்றும். ஆனால் பீனால் மிகுந்த சாறு பாக்டீரியாவே இல்லாமலும் அந்தச் சாயத்தை மாற்றிவிடக்கூடும். சாறும் சாயமும் மட்டும் உள்ள ஒரு வரிசைக் குழிகளைக் கட்டாயம் ஒதுக்குங்கள். முருங்கை விதையின் நீர்ச் சாறு வேறு விதமாகக் குழப்பும். அதன் புரதங்கள் பாக்டீரியாக்களைத் திரளாகச் சேர்த்து அடியில் படியவைக்கும். மேலே திரவம் தெளிந்து நிற்கும், கருவியும் வளர்ச்சி இல்லை என்று காட்டும். குழியை நன்றாகக் கலக்கி, நீர்த்து, தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணினால்தான் உண்மை தெரியும்.

எவ்வளவு வந்தால் நல்ல முடிவு?

முழுச் சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் மேற்கொண்டு உழைக்கத் தகுந்தது. 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் சோதிப்பதில் பொருள் இல்லை. இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல் இது. மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று எழுதி அதை ‘சிறந்த ஆற்றல்’ என்று சொல்வதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அடர்த்தியில் எத்தனையோ சாதாரணப் பொருள்கள் பாக்டீரியாவைத் தடுக்கும்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் மீது வேலை செய்யும் சாறு ஈ. கோலை மீது செய்யாதது ஏன்?

ஈ. கோலை போன்ற கிராம்-எதிர் பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு; ஸ்டாஃபிலோகாக்கசுக்கு அது இல்லை. அதன் மேற்பரப்பில் கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் நீரை வெறுக்கும் பொருள்கள் எளிதில் நுழைய முடியாது. நுழைந்தவற்றையும் உள்ளிருக்கும் புரத பம்புகள் வெளியே தள்ளும். சூடோமோனாஸ் ஏருஜினோசா இதில் இன்னும் கெட்டி. ஆகவே நான்கு பாக்டீரியாக்களில் ஒன்றில் மட்டும் வளையம் வந்தால் ஆய்வு தோற்றதாகக் கருத வேண்டாம். தாவரச் சாறுகளில் அதுவே வழக்கமான காட்சி.

சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா, வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறதா?

வளர்ச்சி இல்லாத குழிகளிலிருந்து எடுத்துப் புதிய அகாரில் பரப்புங்கள். தொடக்க எண்ணிக்கையில் 99.9 சதவீதம் அழிந்திருந்தால் அது கொல்லும் செறிவு. அது தடுப்புச் செறிவைப் போல் நான்கு மடங்குக்குள் இருந்தால் கொல்லும் தன்மை உள்ளது என்று சொல்லும் வழக்கம்.

எத்தனை முறை செய்ய வேண்டும்?

ஒரே நாளில், ஒரே கலவையில், மூன்று தட்டுகள் போடுவது உங்கள் கை எவ்வளவு சீராக வேலை செய்கிறது என்பதை மட்டும் காட்டும். வெவ்வேறு நாளில், புதிய பாக்டீரியா வளர்ப்புடன், முடிந்தால் வேறொரு பருவத்தில் சேகரித்த விதையிலிருந்து எடுத்த சாற்றுடன் மூன்று முறை செய்தால் அது மூன்று.

கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு எல்லாக் கிருமியையும் கொல்லும் என்கிறார்களே?

இந்த விதையின் கதையை ஒவ்வொரு மாணவருக்கும் நான் சொல்கிறேன். கடைகளில் விற்கப்பட்ட ஆறு கிரேப்ஃப்ரூட் விதைச் சாறுகளைச் சோதித்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஐந்து வலுவாக வேலை செய்தன. அந்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது; சிலவற்றில் டிரைக்ளோசானும் இருந்தது. செயற்கைப் பொருள் இல்லாத ஆறாவது சாறு எதையும் தடுக்கவில்லை. ஆய்வாளர்கள் தாங்களே விதையிலிருந்து எடுத்த சாற்றுக்கும் ஆற்றல் இல்லை. பல காலம் விதைக்குக் கிடைத்துவந்த புகழ் வேறொன்றுக்கு உரியது. ஆயத்தமாக விற்கும் சாற்றை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். விதையை வாங்கி நீங்களே பிரித்தெடுங்கள்.

பள்ளி மாணவர்கள் இதைச் செய்யலாமா?

ஆசிரியர் மேற்பார்வையில், பேசில்லஸ் சப்டிலிஸ் அல்லது நோய் தராத ஈ. கோலை கே-12 வகையுடன் செய்யலாம். தொண்டையிலிருந்தோ கழிவறைக் கைப்பிடியிலிருந்தோ துடைத்து எடுத்து வளர்க்க வேண்டாம். என்ன வளர்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வளர்ந்த தட்டை ஒட்டி மூடியபடியே, மூடி வழியாக அளக்கலாம். முடிந்ததும் திறக்காமல் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து அழிக்க வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்களும் உரிய பாதுகாப்பு நிலை கொண்ட ஆய்வகமும் தேவை.

நல்ல தடுப்புச் செறிவு கிடைத்துவிட்டது. மருந்து கண்டுபிடித்துவிட்டேனா?

இல்லை. வேலை இப்போதுதான் தொடங்குகிறது. முதலில் அந்தச் சாறு மனித செல்களை என்ன செய்கிறது என்று பாருங்கள். பல விதைகளில் இருக்கும் சப்போனின்கள் என்ற சோப்பு போல் நுரைக்கும் பொருள்கள் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். பாக்டீரியாவைத் தடுக்கும் அளவும் செல்லைச் சிதைக்கும் அளவும் ஒன்றானால் அது பொதுவான நஞ்சு. இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருந்தால் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் திரும்பச் சோதித்து, செயல்படும் பொருளைப் பின்தொடர வேண்டும். மெல்லடுக்குத் தகட்டில் பிரித்து, அதன்மேல் பாக்டீரியா கலந்த அகாரை ஊற்றினால் எந்தப் பொட்டைச் சுற்றி வளர்ச்சி நிற்கிறது என்று நேராகவே தெரியும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது.

வளையமே வரவில்லை. என்ன எழுதுவது?

நடந்ததை அப்படியே எழுதுங்கள்: விதையின் இனமும் மாதிரி எண்ணும், சேகரித்த மாதம், கரைப்பான், ஊறிய நேரம், எடுத்த பசையின் எடை, வட்டில் ஏற்றிய மைக்ரோகிராம், பாக்டீரியாவின் வகை எண், அன்று மருந்து வட்டு தந்த மில்லிமீட்டர். கிரேப்ஃப்ரூட் விதையின் உண்மை வெளிப்பட்டதில் வளையம் தராத சாறுகளுக்கும் பங்கு உண்டு. அவற்றைச் சோதித்தவர்கள் முடிவை மறைத்திருந்தால் அந்த விதையின் பெயரில் கிருமிநாசினியைத்தான் இன்றும் சோதித்துக்கொண்டிருப்போம்.